சலூன் நாற்காலியில் பிபி மெஷின்: அமெரிக்கக் கறுப்பின மக்களின் உடல்நலமும் ஊர்க்காரர் பயிற்சியும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளில், அந்தப் பகுதிக்காரர்களுக்கே சுகாதாரப் பயிற்சி கொடுத்து வேலைக்கு வைக்கிறார்கள் என்று சொன்னால் கேட்பவர்கள் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்குவதற்குப் பதில் இங்கே எழுதி வைத்துவிடுகிறேன்.

சுருக்கமாக, இது என்ன விஷயம்?

ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கத் தயங்குபவரிடம் ஆஸ்பத்திரி ஆளை அனுப்பினால் கதவு பாதிதான் திறக்கும். அவர் ஏற்கெனவே நம்புகிற ஒருவரைப் பிடித்து, பிபி பார்க்கவும், பேச்சுக் கொடுக்கவும், சரியான இடத்துக்கு அழைத்துப் போகவும் பழக்கினால்? அதுதான் இது. அந்த ஒருவர் சலூன்காரராக இருக்கலாம். சர்ச்சில் பாடும் அக்காவாகவோ, மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்டவராகவோ, பேரன் பேத்தி எடுத்த பாட்டியாகவோகூட இருக்கலாம். அமெரிக்க அரசின் தொழில் பட்டியலில் 2010 முதல் 'சமூக சுகாதாரப் பணியாளர்' என்று இதற்குத் தனி இடமே உண்டு.

தமிழ்நாட்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரைப் பையோடு வீட்டுக்கு வரும் பெண்களைப் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாடு பழக்கமானதாகத் தோன்றும். ஆனால் இங்கே தூரமும் பஸ் செலவும்தான் பெரிய தடை. அங்கே அதற்கு மேல் இன்னொன்றும் இருக்கிறது: ஆஸ்பத்திரி மீதான சந்தேகம். அது எங்கிருந்து வந்தது என்பதைக் கீழே சொல்கிறேன்.

நிஜமாகவே அவ்வளவு ஏற்றத்தாழ்வு இருக்கிறதா?

இருக்கிறது. 2022 கணக்குப்படி அமெரிக்க வெள்ளையரின் சராசரி ஆயுள் 77.5 ஆண்டு, கறுப்பினத்தவருடையது 72.8. பிரசவத்தை ஒட்டிய தாய் மரணம் 2023ல் ஒரு லட்சம் பிறப்புக்கு வெள்ளையரிடம் 14.5, கறுப்பினப் பெண்களிடம் 50.3. மார்பகப் புற்றுநோய் கறுப்பினப் பெண்களுக்கு வருவது வெள்ளைப் பெண்களைவிடச் சற்றுக் குறைவு. அதனால் சாவதோ சுமார் 40 சதவீதம் அதிகம். நோய் குறைவாக வந்தும் சாவு கூடுகிறது என்றால், கண்டுபிடிப்பதிலும் சிகிச்சையிலும் எங்கோ ஓட்டை இருக்கிறது என்றுதானே பொருள்?

பரம்பரை, உடல்வாகு என்று சொல்கிறார்களே?

அந்தச் சாக்கு நீண்ட நாள் ஓடியது. சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று கணக்கிடும் சூத்திரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நோயாளி கறுப்பினத்தவர் என்றால் வரும் எண்ணை ஒரு பெருக்கல் போட்டு உயர்த்தும் வழக்கம் பல ஆண்டுகள் இருந்தது. விளைவு, கிட்னி கெட்டிருந்தாலும் காகிதத்தில் நன்றாக இருப்பதாகத் தெரியும். மாற்றுச் சிறுநீரகத்துக்கான வரிசையில் பெயர் ஏறத் தாமதமாகும். 2021ல்தான் சிறுநீரக மருத்துவர் அமைப்புகள் அந்தப் பெருக்கலை விடச் சொன்னார்கள். 2023 முதல், ஏற்கெனவே காத்திருந்த கறுப்பினத்தவரின் காத்திருப்புக் காலத்தைத் திருத்திக் கொடுக்க வேண்டும் என்று ஆணை வந்தது.

கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கி வைத்தோமே, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், அதுவும் இந்தக் கதையில் உண்டு. ரத்தத்தில் ஆக்சிஜன் ஆபத்தாகக் குறைந்திருந்தும் கருவி 'பரவாயில்லை' என்று காட்டுவது கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம் என்று 2020 டிசம்பரில் ஓர் ஆய்வு வெளியானது. கருமை நிறம் நம்மிடையேயும் உண்டு என்பதால் இதை நாமும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இவற்றோடு வாடகை, வேலை, காப்பீடு, பக்கத்தில் காய்கறிக் கடை இருக்கிறதா இல்லையா என்பதும் சேர்கிறது. பரம்பரை முழுக்கப் பொய் என்று நான் சொல்லவில்லை. ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துவிடும் அரிவாள் செல் நோய் மரபு வழியாகத்தான் வருகிறது. மேலே சொன்ன இடைவெளிகளை அதைக் காட்டி விளக்கிவிட முடியாது, அவ்வளவுதான்.

டாக்டரை ஏன் நம்ப மாட்டேன் என்கிறார்கள்?

டஸ்கீகி என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அலபாமா மாநிலம், மேக்கன் மாவட்டம். 1932ல் அமெரிக்க அரசின் பொதுச் சுகாதாரத் துறை 600 கறுப்பின ஆண்களைச் சேர்த்தது. 399 பேருக்கு சிபிலிஸ் என்ற பால்வினை நோய், 201 பேர் ஒப்பீட்டுக்கு. 'உங்களுக்குக் கெட்ட ரத்தம், சிகிச்சை தருகிறோம்' என்று சொன்னார்களே தவிர, நோக்கம் வேறு: சிகிச்சை இல்லாமல் விட்டால் நோய் என்ன செய்கிறது என்று வேடிக்கை பார்ப்பது. 1940களில் பென்சிலின் வந்து நோயைத் தீர்க்க முடியும் என்று தெரிந்த பிறகும் கொடுக்கவில்லை. பீட்டர் பக்ஸ்டன் என்ற ஊழியர் விஷயத்தை வெளியே கொண்டுவந்து, 1972ல் செய்தித்தாள்களில் வெடித்த பிறகுதான் நிறுத்தினார்கள். 40 ஆண்டு! 1997ல் அதிபர் கிளின்டன் மன்னிப்புக் கேட்டார்.

இதில் பலர் சொல்லாமல் தாண்டிவிடும் ஒரு பகுதி இருக்கிறது. அந்த 40 ஆண்டும் அந்த ஆண்களை விடாமல் பிடித்து வைத்திருந்தது யார்? யூனிஸ் ரிவர்ஸ் என்ற கறுப்பின நர்ஸ். தன் காரிலேயே அவர்களை அழைத்துப் போவார், வீட்டு நலம் விசாரிப்பார், இறந்தால் அடக்கச் செலவுக்கு வழிசெய்வார். அவரை எல்லாரும் நம்பினார்கள். அதாவது 'நம்ம ஆளை வைத்தால் நம்புவார்கள்' என்ற உத்தி அன்றே வெற்றிகரமாக வேலை செய்தது, தப்பான காரியத்துக்கு. எனவே ஊர்க்காரரைப் பழக்குகிறோம் என்று யார் வந்தாலும், அவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர், ஆஸ்பத்திரிக்கா ஊருக்கா, என்று முதலில் கேட்பேன்.

பழங்கதையை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். போன மாதம் எமர்ஜென்சியில் நாலு மணி நேரம் காத்திருந்து, வலி என்று சொன்னதை யாரும் காதில் வாங்காமல் திரும்பி வந்தவருக்கு 1932 தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

சரி, இதெல்லாம் பலன் தருகிறது என்பதற்கு ஆதாரம்?

இருப்பதிலேயே பலமான ஆதாரம் லாஸ் ஏஞ்சலஸ் சலூன்களில் கிடைத்தது. டாக்டர் ரொனால்ட் விக்டர் என்ற இதய மருத்துவர் முதலில் டல்லஸில் முயன்றார். சலூன்காரர்கள் பிபி பார்த்து, அதிகம் இருந்தால் டாக்டரிடம் போகச் சொன்னார்கள். 2011ல் வந்த முடிவு சுமார்தான், கொஞ்சம் முன்னேற்றம். பிபி பார்ப்பது சரி, அப்புறம் டாக்டரிடம் போவதில்தான் சங்கிலி அறுந்தது.

அதனால் அடுத்த முறை டாக்டரிடம் அனுப்பும் வேலையையே விட்டுவிட்டார். மருந்தாளுநர்களைப் பயிற்றுவித்து, டாக்டர்களோடு ஒப்பந்தம் போட்டு, சலூனுக்கே வந்து மருந்து எழுதிக் கொடுக்கும்படி செய்தார். 52 சலூன்கள், 319 கறுப்பின ஆண்கள், எல்லாருக்கும் பிபியில் முதலில் சொல்லும் எண், அதாவது மேல் அளவு, 140 அல்லது அதற்கு மேல். ஒரு பாதி சலூன்களில் சலூன்காரர் வாடிக்கையாளரை ஊக்கப்படுத்த, மருந்தாளுநர் அங்கேயே சிகிச்சை கொடுப்பார். மறுபாதியில் சலூன்காரர் உப்பைக் குறை, டாக்டரைப் பார் என்று அறிவுரை மட்டும் சொல்வார்.

ஆறு மாதம் கழித்து மருந்தாளுநர் வந்த கடைகளில் மேல் அளவு சராசரியாக 27 புள்ளி இறங்கியிருந்தது. 153 பக்கம் இருந்தது 126க்கு வந்துவிட்டது. அறிவுரை மட்டும் சொன்ன கடைகளில் 9 புள்ளி. 130/80க்குக் கீழே வந்தவர்கள் மருந்தாளுநர் வந்த கடைகளில் 63.6 சதவீதம், அறிவுரை மட்டும் சொன்ன கடைகளில் 11.7. முடிவு 2018ல் வெளியானது, ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோதும் பிபி ஏறாமல் நின்றது. அதே ஆண்டில் விக்டர் காலமானார்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் 'பார்த்தீர்களா, சலூன்காரரின் மகிமை' என்று முடிப்பார்கள். எனக்குப் படுவது வேறு. இரண்டு பக்கமும் சலூன்காரர் இருந்தார், இரண்டு பக்கமும் பேசினார். வித்தியாசத்தை உண்டாக்கியது, அவர் பேச்சுக்குப் பின்னால் மாத்திரையோடு ஓர் ஆள் நின்றது. நம்பிக்கை கதவைத் திறக்கும். திறந்த கதவுக்கு உள்ளே ஏதாவது இருக்க வேண்டாமா?

அப்படியானால் சலூன்காரர் மருந்து எழுதுகிறாரா?

இல்லை. அவர் ஆளைச் சேர்ப்பார், அடுத்த முறை முடி வெட்ட வரும்போது 'மாத்திரை போடுறியா?' என்று கேட்பார். மருந்து மருந்தாளுநர் பாடு.

பயிற்சியில் என்னதான் சொல்லிக் கொடுக்கிறார்கள்?

பிபி பார்ப்பதையே எடுத்துக்கொள்வோம். பட்டனை அமுக்கினால் எண் வந்துவிடும், இதற்குப் பயிற்சி வேண்டுமா என்று தோன்றும். வேண்டும். ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதம் தரையில் பட வேண்டும், கால்மேல் கால் கூடாது. கை இதயத்தின் உயரத்தில் ஏதாவது ஒன்றின்மேல் இருக்க வேண்டும். கையில் சுற்றும் பட்டை சட்டைக்கு மேல் கூடாது. முந்தைய அரை மணி நேரத்தில் காபி, சிகரெட் கூடாது. முக்கியமாக, அளக்கும்போது பேசக் கூடாது.

இப்போது ஒரு சலூனை நினைத்துப் பாருங்கள். நாற்காலி உயரத்தில் இருக்கிறது, கால் தொங்குகிறது. டிவியில் பாஸ்கெட்பால். நாலு பேர் ஒரே நேரத்தில் அரசியல் பேசுகிறார்கள். வாடிக்கையாளர் பெரிய காபி கப்போடு இப்போதுதான் உள்ளே வந்தார். பேசிக்கொண்டே இருப்பதுதான் சலூன்காரரின் தொழில் தர்மம். அவரிடம் போய் இரண்டு நிமிடம் வாயை மூடு என்பதே பயிற்சியின் முதல் பாடம்! சுவரோரமாக ஒரு சாதாரண நாற்காலியும் சின்ன மேசையும் போட்டு, அங்கே உட்கார வைத்துப் பார்ப்பதுதான் வழி.

பட்டையின் அளவும் அப்படித்தான். பருத்த கைக்குச் சாதாரணப் பட்டையைச் சுற்றினால் எண் கூடுதலாகக் காட்டும். மிகப் பெரிய பட்டை தேவைப்படுபவர்களுக்குச் சாதாரணப் பட்டை போட்டால் மேல் அளவு கிட்டத்தட்ட 20 புள்ளி ஏறிவிடுகிறது என்று 2023ல் ஓர் ஆய்வு காட்டியது. இல்லாத பிபிக்கு ஒரு மனிதரைப் பயமுறுத்தினால் அவர் அடுத்த முறை உட்காரவே மாட்டார். எனவே மூன்று அளவுப் பட்டையாவது பெட்டியில் இருக்க வேண்டும். என் பிபியே கிளினிக்கில் ஒரு எண்ணும் வீட்டில் ஒரு எண்ணும் காட்டும் ரகம் என்பதால் இந்த விஷயத்தில் எனக்குத் தனி அக்கறை.

அளவு எடுத்தாயிற்று, அப்புறம் பேச்சு. பயிற்சியில் பாதி நேரம் இதற்குத்தான் போகிறது. ஒருவர் நடிப்பார், இன்னொருவர் பேசிப் பார்ப்பார். 'உப்பைக் குறை, சிகரெட்டை விடு' என்று ஆரம்பித்தால் நிறுத்தச் சொல்வார்கள். அதற்குப் பதில் இப்படி: 'இந்த எண்ணைப் பார்த்ததும் உனக்கு என்ன தோணுது?' பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். 'எங்கப்பாவுக்கும் இருந்துச்சு. ஸ்ட்ரோக்ல போயிட்டார்' என்பார் அவர். அங்கிருந்துதான் பேச்சு தொடங்குகிறது. கடைசியில், சொன்னது புரிந்ததா என்று கேட்கக் கூடாது, எல்லாரும் தலையாட்டுவார்கள். 'வீட்டுக்குப் போய் இதை உன் மனைவிகிட்ட எப்படிச் சொல்லுவே, சொல்லு பார்க்கலாம்' என்று கேட்டால் புரிந்ததும் புரியாததும் வெளியே வந்துவிடும்.

இது தவிர காப்பீட்டுப் படிவம் நிரப்புவது, உணவு உதவிக்கு விண்ணப்பிப்பது, டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்று முன்னாலேயே எழுதிக் கொடுப்பது, தன் எல்லை எது என்று தெரிந்து நிறுத்திக்கொள்வது எல்லாம் உண்டு.

எத்தனை நாள் பயிற்சி?

வேலையைப் பொறுத்தது. சலூனில் பிபி பார்த்து ஆளை அனுப்புவதற்கு ஒரு சில நாள் போதும். முழுநேரச் சமூக சுகாதாரப் பணியாளருக்கு நீண்ட பயிற்சி. டெக்சாஸ் மாநிலத்தில் சான்றிதழ் வாங்க 160 மணி நேரப் பயிற்சி வேண்டும். அல்லது ஏற்கெனவே 1,000 மணி நேரம் அந்த வேலையைச் செய்திருக்க வேண்டும். இந்த 'அல்லது' எனக்குப் பிடித்தது. இருபது வருடமாகத் தெருவுக்கே ஓடியாடி உதவும் அம்மாவை வகுப்பில் உட்கார வைத்து, ஊருக்கு உதவுவது எப்படி என்று பாடம் நடத்துவது கொஞ்சம் வேடிக்கையல்லவா.

யாரைத் தேர்ந்தெடுக்கிறார்கள்?

விண்ணப்பம் போட்டு வருபவரைவிட, ஊரே கை காட்டுபவர் மேல். வட கரோலினாவில் 1990களில் வயதான கறுப்பினப் பெண்களை மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே எடுக்க வைக்க ஒரு திட்டம் நடந்தது. அங்கே போய், 'உங்களுக்கு ஒரு கஷ்டம் என்றால் யாரிடம் போய்ச் சொல்வீர்கள்?' என்று கேட்டு, திரும்பத் திரும்ப வந்த பெயர்களைப் பிடித்தார்கள். அந்தப் பெண்களுக்குத்தான் பயிற்சி. படிப்பு, பட்டம் எல்லாம் அப்புறம். நன்றாகப் பேசத் தெரிந்தவர், ஏதாவது சங்கத்தில் பதவியில் இருப்பவர் என்று பார்த்து எடுத்தால் பல சமயம் தப்பான ஆள் வந்து சேர்வார். ஊரில் எல்லாருக்கும் அவரைத் தெரியும், யாரும் அவரிடம் மனம்விட்டுப் பேசமாட்டார்கள்.

சர்ச்சுகளுக்கு இதில் என்ன பங்கு?

பெரிய பங்கு. கறுப்பின சர்ச்சில் சாட்சி சொல்வது என்று ஒரு வழக்கம் உண்டு. எழுந்து நின்று 'கடவுள் எனக்கு இப்படிச் செய்தார்' என்று சொல்வது. ஆர்கன்சாவில் 1990களின் தொடக்கத்தில் தொடங்கிய 'விட்னஸ் புராஜெக்ட்' இதை அப்படியே எடுத்துக்கொண்டது. புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்கள் சர்ச்சில் எழுந்து நின்று தங்கள் கதையைச் சொல்வார்கள். கட்டி இருந்தது, சீக்கிரம் கண்டுபிடித்தேன், இதோ உங்கள் முன்னால் நிற்கிறேன். புற்றுநோய் என்றாலே சாவு, அதைப் பற்றிப் பேசினாலே வந்துவிடும் என்று நினைக்கும் இடத்தில், உயிரோடு நிற்கும் ஒரு பெண்ணைவிடப் பெரிய விளக்கப்படம் எது? பேச்சு முடிந்ததும் பயிற்சி பெற்ற இன்னொருவர் மார்பகத்தைத் தாங்களே தடவிப் பார்ப்பது எப்படி என்று மாதிரி வைத்துக் காட்டுவார். பரிசோதனைக்கு எங்கே போக வேண்டும் என்று கையில் சீட்டு கொடுப்பார்.

பிரசவத்தில் எப்படி உதவுகிறார்கள்?

'டூலா' என்று ஒருவர். மருத்துவச்சி இல்லை, பிரசவம் பார்ப்பதில்லை. கர்ப்ப காலத்திலும், வலி எடுக்கும்போதும், குழந்தை பிறந்த பின்னும் கூடவே இருப்பவர். பல மாநிலங்களில் ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் காப்பீடு இப்போது டூலாவுக்குக் காசு கொடுக்கிறது. அவர் பயிற்சியில் மிக முக்கியமான பகுதி, ஆபத்து அறிகுறிகள்: விடாத கடும் தலைவலி, கண் மங்குதல், மூச்சு வாங்குதல், நெஞ்சு வலி, ஒரு பக்கக் கெண்டைக்காலில் வீக்கமும் வலியும், ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேட் நனைந்துவிடும் ரத்தப்போக்கு. இவை பிறப்புக்குப் பல வாரம் கழித்தும் வரலாம். அமெரிக்காவில் கர்ப்பத்தை ஒட்டிய மரணங்களில் 80 சதவீதத்துக்கு மேல் தடுத்திருக்கக் கூடியவை என்று அந்த நாட்டு நோய்த் தடுப்பு மையத்தின் ஆய்வே சொல்கிறது.

அறிகுறி தெரிந்தால் மட்டும் போதாது, சொன்னதைக் கேட்க வைக்கவும் தெரிய வேண்டும். 2017ல் செரீனா வில்லியம்ஸுக்குப் பிரசவத்துக்கு மறுநாள் மூச்சு முட்டியது. நுரையீரலில் ரத்தக் கட்டி, ஸ்கேன் எடுங்கள் என்று அவரே சொல்ல, மருந்தில் குழம்புகிறார் என்று நர்ஸ் நினைத்தாராம். கடைசியில் ஸ்கேனில் கட்டிகள் இருந்தன. உலகமே அறிந்த வீராங்கனைக்கே இந்தக் கதி என்றால் மற்றவர்களுக்கு? பக்கத்தில் நின்று, 'இவங்க மூணாவது தடவையா சொல்றாங்க, டாக்டரைக் கூப்பிடுங்க' என்று அமைதியாக, விடாமல் சொல்லும் ஒருவர் வேண்டும். அந்த ஒரு வாக்கியத்தைக் கோபப்படாமல் சொல்வதற்கும் பயிற்சி உண்டு. கோபப்பட்டால் வெளியே போகச் சொல்லிவிடுவார்களே.

மனநலம்?

ஆர்கன்சாவில் 2016ல் லொரென்ஸோ லூயிஸ் தொடங்கிய 'கன்ஃபெஸ் புராஜெக்ட்' சலூன்காரர்களுக்கு இதற்கென்றே பயிற்சி கொடுக்கிறது. வைத்தியம் பார்க்க இல்லை; காது கொடுத்துக் கேட்க, அடுத்து எங்கே போகலாம் என்று சொல்ல. நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்துப் பேசும்போது எதிரில் இருப்பவர் கண்ணைப் பார்க்க வேண்டியதில்லை. ஆண்கள் மனம்விட்டுப் பேச அது எவ்வளவு வசதி என்பது முடி வெட்டிக்கொண்ட எல்லாருக்கும் தெரியும்.

இது புதிய யோசனையா?

பழசு. 1967ல் பிட்ஸ்பர்க் நகரத்தின் ஹில் டிஸ்ட்ரிக்ட் பகுதியில் உடம்பு சரியில்லை என்று கூப்பிட்டால் போலீஸ் வேன்தான் வரும். தூக்கிப் போட்டுக்கொண்டு போகும், வழியில் முதலுதவி கிடையாது. அந்த ஆண்டில் வேலையில்லாத கறுப்பின இளைஞர்களைச் சேர்த்து 'ஃப்ரீடம் ஹவுஸ்' ஆம்புலன்ஸ் சேவை தொடங்கியது. நெஞ்சை அழுத்தி, வாயோடு வாய் மூச்சுக் கொடுத்து உயிர் மீட்கும் முறையை வகுத்தவர்களில் முக்கியமானவரான பீட்டர் சஃபார் பயிற்சியை அமைத்தார். பள்ளிப் படிப்பை முடிக்காதவர்கள்கூட அதில் இருந்தார்கள். சுமார் 300 மணி நேரப் பாடம், ஆஸ்பத்திரியில் நேரடிப் பழக்கம். ஆம்புலன்ஸிலேயே அவசர சிகிச்சை கொடுப்பவர்களைப் பாராமெடிக் என்பார்கள்; நாட்டிலேயே முதன்முதலாக அப்படிச் சொல்லத்தக்க ஆட்களில் அவர்கள் சேர்ந்தார்கள். 1974ல் பொறுப்பேற்ற டாக்டர் நான்சி கரோலைன் பின்னாளில் எழுதிய பாடநூலை அமெரிக்கா முழுக்கப் படித்தார்கள்.

முடிவு? 1975ல் நகராட்சி சொந்தமாக ஆம்புலன்ஸ் துறை தொடங்கி இதை மூடியது. சேர்த்துக்கொள்கிறோம் என்று வாக்குக் கொடுத்தார்கள். ஆனால் அனுபவசாலிகளுக்கு மேல் அனுபவமில்லாத வெள்ளையர்களை வைத்தார்கள், தேர்வு மேல் தேர்வு வைத்தார்கள். கொஞ்ச காலத்தில் பெரும்பாலோர் வெளியே போய்விட்டார்கள். பயிற்சியில் ஒரு குறையும் இருக்கவில்லை. பயிற்சி பெற்றவர்களுக்கு இடம் கொடுக்கத்தான் மனம் வரவில்லை. இந்தத் துறையைப் பற்றி ஒரே ஒரு கதை சொல்லச் சொன்னால் நான் சலூன் கதையை விட்டுவிட்டு இதைத்தான் சொல்வேன்.

அதே காலத்தில் மிசிசிப்பியின் மவுண்ட் பேயுவில் டாக்டர் ஜாக் கைகர் குழு மருத்துவ மையம் திறந்து, பட்டினியால் வாடும் குழந்தைகளுக்கு மருந்துச் சீட்டில் பாலும் முட்டையும் எழுதிக் கொடுத்தது. ஊர்க்காரர்களைக் கொண்டே கிணறு வெட்டியது. கறுப்பின உரிமைக்காகப் போராடிய பிளாக் பாந்தர் கட்சி 1970 வாக்கில் இலவச கிளினிக்குகள் நடத்தியது, அரிவாள் செல் நோய்க்கு வீடு வீடாகப் பரிசோதனை செய்தது.

சம்பளம் உண்டா?

இங்கேதான் வயிற்றெரிச்சல். பல திட்டங்கள் 'தன்னார்வலர்' என்ற அழகான வார்த்தையோடு வருகின்றன. மானியம் மூன்று வருடம். முடிந்ததும் பயிற்சி பெற்றவர் வீட்டுக்கு. அவரை நம்பி போன் செய்த ஜனங்கள் அதன் பிறகும் அவருக்கேதான் போன் செய்வார்கள், அவர் சும்மா ஓட வேண்டியதுதான். டாக்டருக்கும் ஆய்வாளருக்கும் சம்பளம், நம்பிக்கையைக் கொண்டுவந்து கொடுத்தவருக்கு ஒரு டி-ஷர்ட்.

கணக்குப் பார்த்தாலும் சம்பளம் கொடுப்பதே லாபம். பிலடெல்பியாவில் ஷ்ரேயா கங்கோவி உருவாக்கிய 'இம்பாக்ட்' திட்டத்தில் மெடிக்கெய்டுக்கு ஒரு டாலர் செலவுக்கு 2.47 டாலர் திரும்பியதாக 2020ல் கணக்கிட்டார்கள். அவர்கள் முழுநேரச் சம்பள ஊழியர்கள். 2024 ஜனவரி முதல் முதியோருக்கான மெடிக்கேரும் இப்படிப்பட்ட பணிக்குத் தனிக் கட்டணம் தருகிறது. ஆனால் டாக்டரின் மேற்பார்வையில், டாக்டர் வழியாகத்தான் பில் போட முடியும். சர்ச் அக்கா நேரே பில் போட முடியாது.

பலிக்காமல் போனதுண்டா?

உண்டு. நியூ ஜெர்சியின் கேம்டன் நகரத்தில், அடிக்கடி ஆஸ்பத்திரியில் சேருபவர்களைத் தேடிப் போய் நர்ஸும் சமூகப் பணியாளரும் சுகாதாரப் பணியாளரும் சேர்ந்து கவனித்தார்கள். நாடே புகழ்ந்தது. முறையாக 800 பேரை இரண்டாகப் பிரித்துச் சோதித்து 2020ல் முடிவு வந்தபோது, ஆறு மாதத்துக்குள் மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் இந்தக் கவனிப்பு கிடைத்த பக்கம் 62.3 சதவீதம், கிடைக்காத பக்கம் 61.7. ஒரு வித்தியாசமும் இல்லை. வீடில்லாதவருக்கு வீடு கிடைக்காமல், போதை சிகிச்சைக்கு இடம் கிடைக்காமல், கூடவே நடந்து போகும் ஒருவரால் எவ்வளவு செய்துவிட முடியும்? லாஸ் ஏஞ்சலஸில் கதவுக்குப் பின்னால் மாத்திரை இருந்தது. கேம்டனில் பல கதவுகளுக்குப் பின்னால் ஒன்றுமில்லை.

தெருக்காரருக்கே என் நோய் தெரிந்தால் ஊரெல்லாம் பரவாதா?

நியாயமான பயம். எச்ஐவி, மனநலம், கருக்கலைப்பு போன்ற விஷயங்களில் சிலர் தெரியாத டாக்டரையே விரும்புகிறார்கள். அதனால் ரகசியம் காப்பதற்குத் தனிப் பாடமும், எழுத்தில் உறுதிமொழியும் உண்டு. சலூனில் எண்ணைச் சத்தமாகப் படிக்கக் கூடாது, சீட்டில் எழுதி மடித்துத் தர வேண்டும் என்பதும் அதில் ஒன்று.

நான் அமெரிக்காவில் இருக்கும் தமிழன். சேரலாமா?

உதவலாம், ஆனால் அந்த 'ஊர்க்காரர்' நீங்கள் இல்லை. நிறம் ஒத்துப்போகிறது என்பது போதாது. கணக்கு எழுதுங்கள், மானிய விண்ணப்பம் தயார் செய்யுங்கள், காரில் ஆட்களை அழைத்துப் போங்கள், பிபி மெஷின் வாங்கிக் கொடுங்கள். நீங்கள் டாக்டராக இருந்தால் இன்னும் ஒன்று செய்யலாம்: டூலாவோ சுகாதாரப் பணியாளரோ நோயாளியோடு உள்ளே வந்தால் நாற்காலி போட்டு, அவர் சொல்வதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சலூனில் பிபி 180க்கு மேல் காட்டினால் என்ன செய்யச் சொல்கிறார்கள்?

முதலில் பட்டை சரியாக இருக்கிறதா என்று பார்த்து, பேச்சை நிறுத்தி, சில நிமிடம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். 180/120க்கு மேலேயே நின்று, நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கம் மரத்துப் போவது, பேச்சுக் குழறல், பார்வை மங்கல் என்று ஏதாவது ஒன்று சேர்ந்தால் உடனே 911, அதாவது அங்கத்திய அவசர உதவி எண். அறிகுறி எதுவும் இல்லையென்றாலும் டாக்டருக்கோ மருந்தாளுநருக்கோ அப்போதே போன் போட வேண்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக் கூடாது. 'முடியை முடிச்சுட்டுப் போறேனே' என்று அவர் கேட்பார். 911 கூப்பிட வேண்டிய நிலை என்றால் பாதி வெட்டிய தலையோடுதான் ஆம்புலன்ஸில் ஏற வேண்டும். மீதியை அடுத்த வாரம் வந்து வெட்டிக்கொள்ளலாம், காசு வேண்டாம் என்று சலூன்காரர் சொல்லிவிட வேண்டும்.